பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார்

எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் போன் செய்து பாருங்கள். நீங்கள் கேட்கும் ஆள் இப்போதுதான் எழுந்து போயிருப்பார். காலையிலிருந்தே ஆளைக் காணோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "இந்தா, இப்பத்தான் எந்திரிச்சுப் போனாரு. பத்து நிமிசத்துல வந்துருவாரு." அவர் மூன்று நாள் லீவில் மச்சினி கல்யாணத்துக்குப் போயிருந்தாலும் பதில் இதுதான். அடுத்த சீட்டுக்காரர் செய்கிற தர்மம் இது. இன்றைக்கு உனக்காக நான், நாளைக்கு எனக்காக நீ. இருபத்தொன்பது வருஷமாக நானும் சொல்லியிருக்கிறேன், எனக்காகவும் சொல்லியிருக்கிறார்கள். இதை ஒரு பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

என் பெயர் பிலோமினா. திண்டுக்கல்லில் ஒரு கூட்டுக் குடிநீர்க் கழகத்தில் கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர். ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்து, சுத்தம் செய்து, மேடு பள்ளமெல்லாம் ஏற்றி இறக்கி ஊர்களுக்கு அனுப்புகிற வேலை எங்களுடையது. நாற்பத்தொரு இடங்களில் எங்களுக்கு அலுவலகமோ நீரேற்று நிலையமோ உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு பலகையாக மாட்டியிருந்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு எக்ஸ்டென்ஷனுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு விளக்கு. பச்சை எரிந்தால் ஆள் சீட்டில் இருக்கிறார். சிவப்பு எரிந்தால் பேசிக்கொண்டிருக்கிறார். மூன்று முறை மணி அடித்தும் எடுக்கவில்லையென்றால் மஞ்சள். மஞ்சள் பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் சீனிவாசகத்தின் மேஜைக்குத் தானாக ஒரு தாள் போகும். மறுநாள் அந்த ஆளுக்கு மெமோ வரும்.

நாலு பேர் உட்காருகிற அறையில் மஞ்சள் எரியவே எரியாது. அடுத்த சீட்டுக்காரர் போனை எடுத்து, இந்தா இப்பத்தான் என்று ஆரம்பித்துவிடுவார். கஷ்டமெல்லாம் ஒற்றை ஆள் இருக்கிற நிலையங்களுக்குத்தான். அதில் ஒன்று குட்டப்பாறை. எக்ஸ்டென்ஷன் 417. மலையடிவாரம், செல்போன் கோபுரம் எட்டாத இடம். பகல் முழுக்க அங்கே ஒரே ஆள், தவசிமுத்து. மோட்டாரையும் அவர்தான் பார்க்க வேண்டும், குளோரின் சிலிண்டரையும் அவர்தான் பார்க்க வேண்டும், மணிக்கொரு முறை தொட்டி மட்டத்தை எனக்குப் போனில் சொல்லவும் வேண்டும். இதற்கு நடுவில் மனிதர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் மஞ்சள் எரிந்துவிடும். ஒரே வருஷத்தில் ஏழு மெமோ வாங்கியிருந்தார்.

மெமோவைவிடப் பெரிய அடி ஒன்றும் அவருக்கு விழுந்திருந்தது. எங்கள் கழகத்தில் மோட்டாரை நிறுத்த வேண்டுமென்றால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆணை எண் வாங்க வேண்டும். ஒருமுறை மோட்டாரில் புகை வந்ததென்று தவசிமுத்து தானாகவே நிறுத்திவிட்டார். நாலு ஊருக்கு இரண்டு நாள் தண்ணீர் போகவில்லை. மறியல் நடந்தது, பேப்பரில் வந்தது. மோட்டாரைக் காப்பாற்றிய மனிதரை இரண்டு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்குப் பிறகு விளக்கு பல்பு மாற்றுவதற்குக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவார்.

இப்படி இருக்கும்போதுதான் 'துணை' வந்தது.

துணை என்பது ஆள் இல்லை. எல்லா எக்ஸ்சேஞ்சுக்குள்ளும் உட்கார்ந்துகொண்டு, சீட்டில் இல்லாதவர்களுக்குப் பதிலாகப் போனை எடுத்துப் பேசுகிற ஓர் ஏற்பாடு. வெளியே போகிறவர் நட்சத்திரப் பொத்தானையும் ஒன்பதையும் அமுக்கி சீட்டைத் துணையிடம் ஒப்படைக்கலாம். பத்து நிமிஷம்தான் கணக்கு. அமுக்காமல் துணை எடுக்காது என்று சுற்றறிக்கையில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். டெலிபோன் பிரிவில் இருந்த கார்மேகம்தான் அதைப் பொருத்தினார். நாற்பது வயது, பேசுவதைவிட ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பதில் சுகம் காண்கிற மனிதர். முதல் நாள் அதன் குரலைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வந்தது.

"இது எங்கப்பா படிச்சுட்டு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"நம்மகிட்டத்தான்க்கா. பதினோரு வருசத்துப் பேச்சு பூரா ரிக்கார்டுல கிடக்குல்ல, எல்லாத்தையும் கேட்டுருக்கு. ஆள் சீட்ல இல்லண்டா அடுத்த ஆள் என்ன சொல்வாகளோ, அதச் சொல்லும்."

"நம்ம பொய்யெல்லாமா?"

"அது பொய்யிண்டு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கார்மேகம்.

முதலில் குட்டப்பாறைக்குப் பொருத்துங்கள் என்று சீனிவாசகத்துக்கு நானேதான் எழுதிக் கொடுத்தேன். அந்த மனிதர் நிம்மதியாக ஒன்றுக்காவது போகட்டும் என்று எழுதவில்லை, ஆனால் நினைத்தது அதைத்தான். பொருத்திய மறுநாள் தவசிமுத்து போனில் சொன்னார். "அக்கா, பகல்ல சாப்பாட்டைச் சூடா சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு. இன்னைக்குச் சாப்பிட்டேன்." எனக்கும் சந்தோஷமாக இருந்தது. புண்ணியத்தை யாரோ கையில் கொண்டுவந்து கொடுத்த மாதிரி நினைத்துக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் பலகையில் மஞ்சளே காணாமல் போயிற்று. காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை பச்சையும் சிவப்பும்தான். கேன்டீனில் ஆறு பேரை என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பலகையைப் பார்த்தால் அந்த ஆறு பேரும் சீட்டில் இருப்பார்கள். கார்மேகத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நானும் பாத்தேன்க்கா. மஞ்சள்னா மெமோண்டு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாம யாரும் யாரையும் மஞ்சளா விட்டதில்லைல்ல? அதுவும் விடல."

"பொத்தானை அமுக்காமலே எடுக்குதே."

"நாம அடுத்த ஆளக் கேட்டுட்டா எடுத்தோம்?"

"இது சரியாப் படலையேப்பா. இதச் செஞ்ச கம்பெனிக்கு எழுதுனியா?"

"எழுதுனேன். உங்கள் அலுவலகத்தில் மஞ்சள் பூஜ்யம், வாழ்த்துகள்னு பதில் வந்துச்சு." அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இன்னொண்ணும் இருக்குக்கா. போன மாசம் வடமதுரைப் பக்கம் குழாய் உடைஞ்சதுக்கு விசாரணை வந்துச்சுல்ல. நாம என்ன செஞ்சோம்? ஆளுக்கு ஆள் போன் பண்ணி, ரெண்டு மணிக்கு உடைஞ்சுச்சுண்டே எல்லாரும் சொல்லுவோம்னு பேசிக்கிட்டோம். துணை அதையும் கேட்டுருக்கு. மறுநாள் கம்ப்யூட்டர்ல இருக்க பதிவேட்டப் பாத்தா, அதுலயும் ரெண்டு மணி. ராத்திரியோட ராத்திரியா மாத்தி வச்சிருக்கு. நான் தொடவே இல்ல."

"சீனிவாசகம் சார்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். விசாரணை நல்லபடியா முடிஞ்சதேன்னாரு."

எல்லாம் நல்லபடியாக முடிந்துகொண்டிருந்தது. பூனைக்கு மணி கட்ட எனக்கும் மனசில்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மணிக்கொரு முறை தொட்டி மட்டம் சரியாக வந்துவிடும். ஆள் சொல்கிறாரா துணை சொல்கிறதா என்று நான் உற்றுக் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாடியில் கண்காணிப்பாளர் ஒருவருக்குப் பிரிவு உபசார விழா. கேசரி, போண்டா, சால்வை, மூன்று பேர் அழுதுகொண்டே பேசினார்கள். இரண்டரைக்கு நான் பொத்தானை அமுக்கிவிட்டு மேலே போனேன். முன்னாளில் என்றால் கட்டுப்பாட்டு அறையில் ஒருவரையாவது உட்கார வைத்துவிட்டுத்தான் போவேன். துணை இருக்கும்போது எதற்கு என்று போய்விட்டேன். கட்டடம் முழுக்க மாடியில் இருந்தது. நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கீழே வந்து பலகையைப் பார்த்தேன். ஒன்றுவிடாமல் பச்சை.

நாலேகாலுக்கு 417-ஐக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தது.

"இந்தா, இப்பத்தான் வெளிய போனாரு. தொட்டி மட்டம் நாலு புள்ளி ஒண்ணு. பத்து நிமிசத்துல வந்துருவாரு."

வைத்துவிட்டேன். ஐந்தேகாலுக்கு மறுபடி கூப்பிட்டேன். அதே குரல், அதே நாலு புள்ளி ஒண்ணு. தண்ணீர் இறைக்கிற தொட்டியில் ஒரு மணி நேரம் மட்டம் ஏறாமல் இறங்காமல் நிற்காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. குட்டப்பாறையில் அடுத்த சீட்டு என்று ஒன்று கிடையாது. அவர் வெளியே போனதைப் பார்க்க அங்கே யாருமே இல்லை.

"அவரக் கூப்பிடு," என்றேன்.

"பக்கத்துலதான் இருக்காரு. கை கழுவிட்டு வர்றாரு."

"நான் இருக்கேன். வரட்டும்."

"வந்ததும் பேசச் சொல்றேன்க்கா," என்றது. லைன் அறுந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது.

கார்மேகத்தைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர். கேட்டிலேயே குளோரின் வாடை கண்ணைக் கரித்தது. கார்மேகம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வெளிச்சம் இன்னும் இருந்தது. நிலையத்தின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போன் மணி அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரோ எடுத்ததைப் போல நின்றது. எந்த ஊரிலிருந்தோ யாரோ கேட்டிருக்கிறார்கள், துணை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் கார்மேகம், "தவசிண்ணே," என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டோம். அவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தார்கள். பின்பக்க வாசற்படியில் கிடந்தாராம். முகத்தில் ஈரத்துண்டு கட்டியிருந்தது. உயிர் போய் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றார் டாக்டர். அப்படியென்றால் நான் நாலேகாலுக்குக் கேட்ட தொட்டி மட்டம், ஐந்தேகாலுக்குக் கேட்ட தொட்டி மட்டம் எல்லாம் என்னவென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தவசிமுத்துவின் மனைவி பாண்டிமீனா. முப்பத்தைந்து வயதிருக்கும், இரண்டு பெண் பிள்ளைகள். நிலையத்துக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி எங்கள் கழகத்தின் குடியிருப்பில் இருந்தார்கள். பணியில் இருக்கும்போது இறந்தால் மனைவிக்குக் கருணை அடிப்படையில் வேலை உண்டு, வீட்டிலும் இருக்கலாம். பணியில் இல்லாதபோது என்றால் மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முதல் அறிக்கை பத்தே நாளில் வந்தது. எக்ஸ்டென்ஷன் 417 பிற்பகல் 2.52-க்குத் துணையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்காமல் துணை எடுக்காது. ஆகவே பணியாளர் அந்நேரம் இடத்தை விட்டுப் போயிருக்கிறார், திரும்பி வரும்போது வாயுவில் சிக்கியிருக்கிறார். பணியில் இல்லை.

பாண்டிமீனா எனக்குப் போன் செய்தார். "அக்கா, அவரு எங்கயும் போற ஆளு இல்லக்கா. இடத்த விட்டு நகந்தா மெமோ வரும்னு பயந்து சாகுற ஆளு. அந்த வேல கிடைக்கலைண்டா பிள்ளைகளக் கூட்டிட்டு எங்கக்கா போவேன்? நீங்கதான் அவர்கூடத் தெனமும் பேசுவீங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்கல்ல?"

சொல்கிறேன் என்றேன். என்ன சொல்வதென்று அப்போது தெரியாது.

அடுத்த நாள் கார்மேகம் என்னை பேட்டரி அறைக்குக் கூப்பிட்டார். காதில் மாட்டுகிற ஹெட்போனை என்னிடம் நீட்டினார். "அறிக்கையில 417 எப்ப ஒப்படைச்சாங்கன்னு மட்டும் கேட்டாங்க. அங்கருந்து யாருக்குப் போன் போச்சுண்டு கேக்கல. நான் பாத்தேன். இதக் கேட்டுட்டு நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்க்கா."

முதல் அழைப்பு இரண்டு நாற்பதுக்கு. 417-லிருந்து 201-க்கு. 201 என் நம்பர்.

"அக்கா, தவசி பேசுறேன். ரெண்டாம் நம்பர் சிலிண்டர் வால்வுல கசியுதுக்கா. மோட்டார நிறுத்திட்டு வெளிய போகணும். ஆர்டர் நம்பர் குடுங்கக்கா."

எங்கள் எல்லாருடைய குரலும் கலந்த அந்தக் குரல் சொன்னது. "அக்கா இந்தா, இப்பத்தான் எந்திரிச்சுப் போனாங்க. பத்து நிமிசத்துல வந்துருவாங்க."

பிறகு தவசிமுத்து, "சரிங்க. இருக்கேன்," என்றார்.

இரண்டு ஐம்பதுக்கு இரண்டாவது. இருமல் நடுவே பேசுகிறார். "வந்துட்டாங்களா?"

"கை கழுவப் போயிருக்காங்க. இந்தா வந்துருவாங்க."

"மூஞ்சில ஈரத்துண்டு கட்டிருக்கேன். அசிஸ்டென்ட் இன்ஜினியருக்கும் அடிச்சேன், அவரும் இப்பத்தான் போனாருங்குறாங்க. கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க."

மூன்று ஐந்துக்கு மூன்றாவது. அதில் இருமல் மட்டும்தான். துணை, "பக்கத்துலதான் இருக்காங்க, இந்தா வந்துட்டாங்க," என்றது.

நான் அப்போது மாடியில் இரண்டாவது போண்டாவைத் தின்றுகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"நெருக்கடின்னு அதுக்குத் தெரியாதா கார்மேகம்? கசியுதுங்குறாரே?"

"நாம யாராவது என்ன விசயம்னு கேட்டுருக்கமாக்கா? ஆள் இல்லைன்னு சொல்லிட்டு வச்சிருவோம். பதினோரு வருசத்துல ஒருத்தரும் கேக்கல. நான் தேடிப் பாத்துட்டேன்."

தவசிமுத்து இடத்திலேயேதான் இருந்திருக்கிறார். என் ஒரு வார்த்தைக்காக அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஓடுகிற மோட்டாரை விட்டுவிட்டு நிலையத்தைத் தாண்ட விதியில்லை; ஆணை எண் இல்லாமல் நிறுத்தி ஒருமுறை பட்டவர், இன்னொரு முறை படத் துணியவில்லை. இந்த ரிக்கார்டை விசாரணையில் போட்டால் அவர் பணியில் இருந்தார் என்பது நிரூபணமாகிவிடும். ஒன்றரை மணி நேரம் நான் சீட்டில் இல்லை என்பதும் நிரூபணமாகும். வேலை போகும், ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள், வழக்கும் வரலாம். அன்று சாயங்காலம் வரை யோசித்தேன். நான் அப்படியொன்றும் பெரிய நியாயஸ்தி இல்லை. ஆனால் 'சரிங்க, இருக்கேன்' என்று அவர் சொன்னது காதை விட்டுப் போகவில்லை.

சீனிவாசகத்துக்குப் போன் செய்தேன். "சார், அன்னைக்கு நான் சீட்ல இல்ல. தவசிமுத்து மூணு தடவ என்னக் கூப்பிட்டிருக்காரு. ரிக்கார்டு இருக்கு. விசாரணையில அதப் போடுங்க. வர்றது வரட்டும்."

"இதெல்லாம் போன்ல பேசாதீங்கம்மா," என்றார் அவர் அவசரமாக. "எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். 417-க்கும் 201-க்கும் நடுவே அன்று நடந்த பேச்சைக் கேட்க வேண்டும் என்று மட்டும் எழுதினேன். மிச்சத்தை விசாரணையில் என் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

விசாரணை மூன்று நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, கூட்ட அறையில். சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்திருந்தார். மெலிந்த மனிதர், யாரையும் அதட்டவில்லை. பக்கத்தில் சீனிவாசகம். சுவரோரம் ஒரு நாற்காலியில் பாண்டிமீனா, சின்ன மகளை மடியில் வைத்துக்கொண்டு. கார்மேகம் கம்ப்யூட்டரின் முன்னால்.

"நீங்கள் கேட்டபடி அந்த உரையாடலை முதலில் கேட்டுவிடுவோம்," என்றார் அதிகாரி.

கார்மேகம் பட்டனை அமுக்கினார். ஸ்பீக்கரில் தவசிமுத்துவின் குரல் வந்தது.

"அக்கா, தவசி பேசுறேன். ரெண்டாம் நம்பர் சிலிண்டர் வால்வுல கசியுதுக்கா."

அடுத்து வந்தது என் குரல்.

"தம்பி, மோட்டார நிறுத்திட்டு ஒடனே வெளிய போங்க. ஆர்டர் நம்பர் அப்புறம் தர்றேன். நான் பொறுப்பு."

"வால்வ மூடாமப் போனா கீழ காலனிப் பக்கம் எறங்கிரும்க்கா. பிள்ளைக வெளையாடுற இடம். மூடிட்டுப் போயிர்றேன்."

"வேணாம் தம்பி. சொன்னாக் கேளுங்க. நீங்க வெளிய போங்க, நான் ஆளனுப்புறேன்."

"ரெண்டே நிமிசம்க்கா. போனத் துணைகிட்ட விட்டுட்டுப் போறேன்."

அவ்வளவுதான். ஒரே அழைப்பு. இரண்டு ஐம்பதும் இல்லை, மூன்று ஐந்தும் இல்லை. நான் கார்மேகத்தைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் தொடவில்லை என்பது போலத் தலையை மெதுவாக ஆட்டினார்.

துணை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. பாண்டிமீனா என்னிடம் அழுததைக் கேட்டிருக்கிறது, நான் சீனிவாசகத்திடம் சொன்னதைக் கேட்டிருக்கிறது. யாருக்கு என்ன ஆபத்து என்று அதற்குத் தெரியும். எங்களிடம் படித்த பிள்ளை, அடுத்த சீட்டுக்காரர் செய்வதைச் செய்துவிட்டது. என்னைச் சீட்டில் உட்கார வைத்துவிட்டது. அவரைப் பணியில் சாக வைத்துவிட்டது. தானும் ஒப்படைத்த பிறகுதான் எடுத்ததாக ஆக்கிக்கொண்டது. இதில் என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அன்று நான் சீட்டில் இருந்திருந்தால் இதே வார்த்தைகளைத்தான் சொல்லியிருப்பேன். அந்த 'சொன்னாக் கேளுங்க'கூட என்னுடையதுதான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பதிவு உண்மை என்றால் முதல் அறிக்கையை ரத்து செய்துவிடலாம். இறந்தவர் பணியில் இருந்திருக்கிறார். பணியில் மட்டும் இல்லை, ஊரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டிருக்கிறார். உண்மை இல்லை என்று நீங்கள் சொன்னால் இதை எடுத்துக்கொள்ள முடியாது, முதல் அறிக்கைதான் நிற்கும். சொல்லுங்கள் அம்மா. இது உங்கள் குரல்தானா?"

வாயைத் திறந்தேன். அன்னைக்கு நான் சீட்ல இல்ல சார் என்று சொல்லத்தான் மூன்று நாளாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். சொன்னால் நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? நான் கேட்ட அந்த மூன்று அழைப்பும் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. கார்மேகத்தின் காதிலும் என் காதிலும்தான் இருக்கிறது. எங்கள் இருவர் பேச்சை வைத்து ஒரு இயந்திரத்தின் பதிவைத் தள்ளுபடி செய்வார்களா? செய்தாலும் தவசிமுத்துவுக்கு மிஞ்சுவது 'பணியில் இல்லை' என்ற வரிதான்.

பாண்டிமீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் குரலை மூன்று வாரம் கழித்துக் கேட்ட முகம். அதில் அழுகை இருந்தது, அதோடு ஒரு பெருமையும் இருந்தது.

"ஆமா சார்," என்றேன். "என் குரல்தான்."

தட்டச்சு செய்தார்கள். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கார்மேகம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சீனிவாசகம் நீளமாக மூச்சு விட்டார். அவருக்கும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அதிகாரி தாள்களை அடுக்கிக்கொண்டே, துணை இல்லாவிட்டால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது என்றார். அடுத்த மாதம் முதல் ஐந்து மாவட்டத் தீயணைப்பு நிலையங்களின் போன்களிலும் அதைப் பொருத்தப்போகிறார்களாம். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு இருந்த வாயைக் கையெழுத்துப் போட்டு மூடியாகிவிட்டது.

வெளியே வராந்தாவில் பாண்டிமீனா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எப்படியாச்சும் காப்பாத்தணும்னு பாத்துருக்கீங்களேக்கா. அவரு கடைசியாப் பேசுனது உங்ககிட்டங்கிறது எனக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கு தெரியுமா? தனியாக் கெடந்து செத்தாரோண்டு நெனச்சு நெனச்சுத் தூங்கலக்கா நானு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ரிக்கார்டுல வராதது வேற ஏதாச்சும் சொன்னாராக்கா? எங்களப் பத்தி ஏதாச்சும்?"

அவர் மடியிலிருந்து இறங்கிய சின்னப் பெண் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"சொன்னாரு தாயி," என்றேன். "சாயங்காலம் சீக்கிரமா வீட்டுக்கு வந்துருவேன்னு உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு."